செம்பனைக் கன்றின் முதல் ஆண்டு

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. செம்பனையைப் பொறுத்தவரை இவ்வாக்கு பாதியளவே பொருந்தும். செம்பனைக் கன்றின் குறைகளுள் சில நாற்றங்காலிலேயே தெரியும். ஆனால் பார்க்கத் தெரிந்தவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். வேறு சில குறைகளோ, கன்று மரமாகிக் குலை தள்ளும்வரை எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. இவ்விரு வகைக் குறைகளையும் அறிந்து, நல்ல கன்றை மட்டும் நிலத்துக்கு அனுப்புவதே நாற்றங்கால் வேலையின் நோக்கமாகும்.

நம் நாட்டில் வணிக நோக்குடன் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது 1917ஆம் ஆண்டில், கோலசிலாங்கூர் வட்டாரத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில். அதன்பின் எத்தனையோ ரப்பர்க் காடுகள் செம்பனைக் காடுகளாயின. பால் வெட்டிய கைகள் குலை வெட்டப் பழகின. ஆயினும் குலை வெட்டுவதையும் உதிரிப் பழம் பொறுக்குவதையும் அறிந்த அளவுக்கு, மரம் நிலத்துக்கு வருமுன் அது பையில் வாழ்ந்த ஓராண்டைப் பற்றி நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை. நாற்றங்காலில் வேலை செய்வோர் மட்டுமே அறிந்த அவ்வோராண்டை இக்கட்டுரை விளக்குகிறது.

நட்டபின் 30 மாதமளவில் முதல் அறுவடை தொடங்குகிறது. அது முதல், மரம் ஏறத்தாழ 25 வயதை எட்டும்வரை ஒரே இடத்தில் நின்று பலன் தருகிறது. நெல்லில் ஒரு பருவம் பிழைத்தால் அடுத்த பருவத்தில் திருத்திக்கொள்ளலாம். செம்பனையில் நடுகின்ற ஆண்டில் செய்த பிழை கால் நூற்றாண்டு நிலைத்து நிற்கும். ஆகவேதான் அதன் முதல் ஆண்டு அத்துணை முக்கியமானது.

விதையின் தன்மை

இன்று தோட்டங்களில் நடப்படுவது 'தெனரா' எனும் இனம். தடித்த ஓடுடைய 'டூரா' மரத்தைத் தாயாகவும், ஓடற்ற 'பிசிபெரா' மரத்தைத் தந்தையாகவும் கொண்டு, கட்டுப்பாடான மகரந்தச் சேர்க்கை மூலம் இவ்விதை உண்டாக்கப்படுகிறது. தெனராவின் ஓடு மெல்லியது, சதைப்பற்று மிகுதி, ஆகவே எண்ணெயும் மிகுதி.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. நன்றாகக் காய்க்கும் தெனரா மரத்தடியில் உதிர்ந்த பழங்கள் தாமாகவே முளைத்துக் கன்றுகளாகி நிற்பதைக் காண்கிறோம். "தாய் மரம் நல்ல மரம், பிள்ளையும் அப்படித்தான் இருக்கும்" என்று எண்ணி, அவற்றைப் பெயர்த்துச் சொந்த நிலத்தில் நடுவோர் உண்டு. அது பெரும் பிழை. தெனரா தெனராவுடன் சேர்ந்து பிறக்கும் கன்றுகளில் கால் பங்கு டூராவாகவும், அரைப் பங்கு தெனராவாகவும், எஞ்சிய கால் பங்கு பிசிபெராவாகவும் அமையும் என்பது மரபியல் விதி. பிசிபெரா பெரும்பாலும் குலை முற்றாத மலட்டு மரம். டூராவோ எண்ணெய் குறைந்த மரம். ஆக, நூறு கன்று நட்டவருக்கு ஏறத்தாழ ஐம்பதே சரியான மரங்களாக வாய்க்கும். இம்மூன்றையும் கன்றுப் பருவத்தில் வெறுங் கண்ணால் பிரித்தறிய இயலாது. ஓட்டின் தன்மையை நிர்ணயிக்கும் மரபணுவை மலேசியச் செம்பனை வாரிய ஆய்வாளர்களும் அவர்தம் அயல்நாட்டுக் கூட்டாளிகளும் கண்டறிந்து 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் பயனாக, இலைத் துணுக்கைச் சோதித்தே கன்றின் இனத்தை அறிய இன்று வழியுண்டு. எனினும் எளிய வழி, அங்கீகாரம் பெற்ற உற்பத்தியாளரிடம் முளைவிட்ட விதையை வாங்குவதே.

முளைவிட்ட விதை தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும், இயன்றால் அன்றே நட்டுவிட வேண்டும். விதையில் இரண்டு முளைகள் தெரியும். கூரிய நுனியுடையது குருத்து முளை. மழுங்கிய, சற்றே பழுப்பேறிய நுனியுடையது வேர் முளை. குருத்து மேலாகவும் வேர் கீழாகவும் இருக்குமாறு, சுமார் 2 சென்டிமீட்டர் ஆழத்தில் விதையை வைத்து மண்ணால் மூட வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டால் குருத்து வளைந்து திரும்பி மேலே வரும், கன்று முறுக்கிக்கொள்ளும். முளை ஒடிந்த விதை, பூசணம் பிடித்த விதை, எது வேர் எது குருத்து என்று பிரித்தறிய முடியாத விதை ஆகியவற்றை அப்பொழுதே ஒதுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான விதைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து நடும் இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். அவசரத்தில் செய்யக்கூடிய வேலை அன்று இது.

சிறு பையில் மூன்று மாதம்

முதல் மூன்று மாதத்துக்குக் கன்று சிறிய பாலிதீன் பையில் வளர்கிறது. எடுத்த எடுப்பிலேயே பெரிய பையில் நட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். நடலாம், ஆனால் சிக்கனமாகாது. சிறு பைகளை நெருக்கமாக அடுக்கி வைக்கலாம். குறைந்த இடத்தில் நிழற்பந்தல் போட்டுவிடலாம். தண்ணீரும் குறைவாகவே செலவாகும். குறையுள்ள கன்றுகளை இந்நிலையிலேயே நீக்கிவிட்டால், அவற்றுக்கென்று பெரிய பையும் மண்ணும் உழைப்பும் வீணாவதில்லை.

பையில் இடும் மண் நல்ல மேல்மண்ணாக இருத்தல் வேண்டும். கல், வேர், கட்டி ஆகியவற்றைச் சலித்து நீக்கிய பிறகே நிரப்ப வேண்டும். களிமண் மிகுந்தால் நீர் தேங்கி வேர் அழுகும். மணல் மிகுந்தால் நீர் தங்காது. நடுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே மண்ணை நிரப்பி நீர் பாய்ச்சி அமரவிட்டு, குறைந்த மட்டத்துக்கு மீண்டும் மண் இட வேண்டும்.

முதல் மாதத்தில் கன்றுக்கு உரம் தேவையில்லை. விதைக்குள் இருக்கும் பருப்பே அதற்குத் தாய்ப்பால். நான்கு வாரமளவில் முதல் பச்சை இலை விரிகிறது. அதன் பிறகு ஏறத்தாழ மாதத்துக்கு ஓர் இலை வீதம் வளர்ச்சி நிகழ்கிறது. முதல் இலை விரிந்த பிறகு, கலப்பு உரத்தை மிகவும் நீர்த்த கரைசலாக ஊற்றலாம். ஊற்றிய உடனே நல்ல நீரால் இலைகளைக் கழுவிவிட வேண்டும். இல்லையேல் இலை கருகும்.

நீர் காலையும் மாலையும் மெல்லிய தூறலாக விழ வேண்டும். குழாயைத் திறந்து வேகமாக அடித்தால் மண் அரித்து விதை வெளியே தெரியும். இளங் கன்று சாயும்.

இப்பருவத்தில் நிழல் அவசியம். ஆனால் அந்நிழலை எப்பொழுது எடுப்பது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். மூன்றாம் மாதத்தில் பந்தலைச் சிறிது சிறிதாக நீக்கிக் கன்றை வெயிலுக்குப் பழக்க வேண்டும். ஒரே நாளில் பந்தலைப் பிரித்துவிட்டால் இலைகள் வெந்துபோகும். பிரிக்காமலே விட்டுவிட்டால் கன்று வெளிச்சத்தைத் தேடி நெடிதாய், மெலிந்து, வலுவற்று வளரும். குழந்தையை எப்பொழுதும் இடுப்பிலேயே வைத்திருக்கும் தாய், அது நடக்கப் பழகுவதைத் தாமதப்படுத்துகிறாள் அல்லவா? அது போன்றதே இதுவும்.

பெரிய பைக்கு மாறுதல்

மூன்று அல்லது நான்கு இலை விட்ட கன்று பெரிய பைக்கு மாறத் தகுதியானது. இதற்கு மேல் தாமதித்தால், சிறு பைக்குள் வேர் சுருண்டு சுற்றத் தொடங்கும். நெருக்கத்தில் கன்றும் ஒல்லியாகும்.

மாற்றும் நாளில் சிறு பைகளுக்கு முன்னதாகவே நீர் ஊற்றிவிட வேண்டும். பையைக் கிழித்தெடுக்கும்போது வேரைச் சுற்றிய மண் உடையாமலிருப்பதே இவ்வேலையின் உயிர்நாடி. கன்றின் கழுத்தைப் பிடித்துத் தூக்குதல் கூடாது. அடியில் ஒரு கை கொடுத்தே எடுக்க வேண்டும். பெரிய பையின் நடுவில் குழி செய்து, முன்னிருந்த மண்மட்டமும் புதிய மண்மட்டமும் சமமாக இருக்குமாறு வைத்து, சுற்றிலும் மண்ணை அமுக்கி, அன்றே நீர் ஊற்ற வேண்டும்.

பெரிய பைகளை 90 சென்டிமீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் வைப்பது வழக்கம். இவ்வாறு வைத்தால், பாதைக்கு விட்ட இடம் போக ஒரு ஹெக்டரில் ஏறத்தாழ 12,000 கன்றுகளுக்கு மேல் வளர்க்கலாம். தொடக்கத்தில் இவ்விடைவெளி வீண் போலத் தோன்றும். ஆனால் எட்டாம், ஒன்பதாம் மாதங்களில் மட்டைகள் விரியும்போது இடைவெளியின் அருமை விளங்கும். நெருக்கி வைத்த கன்றுகள் ஒன்றையொன்று மறைத்து, ஊதி உயர்ந்து, நிலத்துக்குச் சென்றதும் காற்றில் சாயும்.

வளர்ந்த கன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் நீர் தேவை. 12,000 கன்றுகளுக்குக் கணக்கிட்டால் 24,000 லிட்டர். ஆகவே வற்றாத நீர்நிலைக்கு அருகில் மட்டுமே நாற்றங்கால் அமைக்க வேண்டும். 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்த நாளில் நீர் பாய்ச்ச வேண்டியதில்லை. இதற்காக நாற்றங்காலில் மழைமானி ஒன்று இருப்பது நன்று. வானத்தைப் பார்த்து முடிவு செய்வதைவிட மழைமானியைப் பார்த்து முடிவு செய்வது மேல். ஆலையில் கிடைக்கும் கொட்டை ஓட்டைப் பையின் மேல் பரப்பினால் ஈரம் காக்கப்படும், களையும் குறையும், நீர்த்துளி விழுந்து மண் தெறிப்பதும் நிற்கும்.

உரத்தைப் பொறுத்தவரை, தோட்டத்தில் பழக்கமான 15:15:6:4, 12:12:17:2 எனும் கலப்பு உரங்களையே இங்கும் இடுகின்றனர். இவ்வெண்கள் முறையே தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம் ஆகியவற்றின் விகிதத்தைக் குறிக்கும். சில கிராமில் தொடங்கி, வயதுக்கேற்ப அளவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். உரமணிகள் கன்றின் தூரில் படாமல் வட்டமாகத் தூவ வேண்டும். தூரில் விழுந்த ஒரு பிடி உரம் கன்றையே கொன்றுவிடும்.

பைக்குள் முளைக்கும் களையைக் கையால் பிடுங்குவதே பாதுகாப்பானது. பைகளுக்கு இடையிலுள்ள தரையில் மருந்து அடிப்பதாயினும், இலையில் துளி படாமல், கையுறையும் முகமூடியும் அணிந்தே அடிக்க வேண்டும். முன்னாளில் தோட்டங்களில் தாராளமாகப் புழங்கிய 'பாராகுவாட்' எனும் களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய கொட்டகையில் அதன் மிச்சம் கிடப்பின், அதை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாகாது.

பூச்சி, நோய் ஆகியவற்றுக்குத் தினசரிப் பார்வையே முதல் மருந்து. இரவில் வந்து இலையைத் தின்றுவிட்டுப் பகலில் மண்ணுக்குள் ஒளியும் வண்டுகள் உண்டு. பகலில் தேடினால் அவை அகப்படா; இருட்டிய பின் கைவிளக்குடன் சென்றால்தான் காண முடியும். வறண்ட நாட்களில் இலையின் அடிப்புறத்தில் செஞ்சிலந்தி பெருகி, இலை வெண்கல நிறமாகும். மஞ்சள் வளையம் சூழ்ந்த பழுப்புப் புள்ளிகள் தோன்றினால் அது இலைப்புள்ளி நோய். அத்தகைய கன்றைத் தனியே பிரித்து வைத்து, உடனே மேற்பார்வையாளரிடம் தெரிவிக்க வேண்டும்.

கழிக்க வேண்டியதைக் கழித்தல்

நாற்றங்கால் வேலையில் மிகக் கடினமானது மண் சுமப்பதும் அன்று. நீர் பாய்ச்சுவதும் அன்று. ஆறு மாதம் நீரூற்றி வளர்த்த கன்றை, உயிரோடிருக்கும்போதே வெட்டி எறிவதுதான். "பாவம், பச்சையாகத்தானே இருக்கிறது; இன்னும் ஒரு மாதம் விட்டுப் பார்க்கலாமே" என்று மனம் சொல்லும். அவ்விரக்கத்தால் விளையும் நட்டம் 25 ஆண்டுகளுக்குத் தொடரும்.

முளைவிட்ட விதையிலிருந்து நிலத்துக்குச் செல்லும் வரை, நூற்றுக்கு 25 முதல் 30 வரை கழிக்கப்படுவது இயல்பு. ஒன்றுமே கழிக்காத நாற்றங்கால் நல்ல நாற்றங்கால் அன்று. பார்க்காத நாற்றங்கால் என்றே அதற்குப் பொருள்.

சிறு பைப் பருவத்தில், புல் போல ஒடுங்கிய இலையுடையவை, இலை சுருண்டு விரியாதவை, முறுக்கிக்கொண்டவை, இலை சுருக்கம் விழுந்தவை, தம் வயதொத்தவற்றைக் காட்டிலும் மிகவும் குட்டையானவை ஆகியவற்றை நீக்க வேண்டும். பெரிய பைப் பருவத்தில் பொதுவாக ஆறாம் மாதமும், ஒன்பதாம் மாதமும், நிலத்துக்கு அனுப்புமுன்னும் பார்வையிட வேண்டும். அப்போது கவனிக்க வேண்டியவை இவை:

தட்டை உச்சி: புதிய மட்டைகள் பழைய மட்டைகளைவிட உயராமல், கன்றின் தலையை வெட்டிவிட்டது போலத் தோன்றும்.

பிரியாத இலை: ஏனைய கன்றுகளின் இலைகள் ஈர்க்கு ஈர்க்காகப் பிரிந்த பின்னும் இதன் இலை பிரியாமல் குழந்தைப் பருவத்திலேயே நிற்கும்.

தளர்ந்த கன்று: மட்டைகள் தம்மைத் தாங்க இயலாமல் தொய்ந்து தொங்கும்.

நெருங்கிய அல்லது அகன்ற ஈர்க்கு: மட்டையில் சிற்றிலைகள் அளவுக்கு மீறி நெருங்கியோ விலகியோ அமைந்திருக்கும்.

நிமிர்ந்த கன்று: மட்டைகள் விரியாமல் விறைப்பாக மேல்நோக்கி நிற்கும்.

இறுதியாகச் சொன்ன நிமிர்ந்த கன்றே பலரை ஏமாற்றுகிறது. அது ஏனைய கன்றுகளைவிட உயரமாகவும் கம்பீரமாகவும் தோன்றும். புதியவர் ஒருவரிடம் நல்ல கன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அதையே முதலில் காட்டுவார். ஆனால் அத்தகைய கன்று பெரும்பாலும் மலட்டு மரமாகவே முடியும். உயரம் வேறு, உரம் வேறு.

கழிக்கும்போது ஒரு கன்றை அதே நாளில் நட்ட அண்டைக் கன்றுகளுடன் ஒப்பிட்டே தீர்மானிக்க வேண்டும். ஒரு பாத்தி முழுவதும் குன்றியிருந்தால் அது பிறவிக் குறையாக இராது. நீரோ உரமோ போய்ச் சேரவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாயிருக்கும். ஒருவர் வர்ணம் பூசி அடையாளமிட, மற்றொருவர் மறுபார்வையிட்டு உறுதி செய்வது நல்ல வழக்கம். கழித்த கன்றைத் துண்டித்துவிட வேண்டும். முழுதாக வேலியோரம் வீசினால், யாரேனும் எடுத்துச் சென்று தம் நிலத்தில் நட்டு ஏமாறக்கூடும்.

நிலத்துக்குச் செல்லும் நாள்

முளைவிட்ட விதையை நட்டு ஏறத்தாழ 12 மாதமான கன்று நிலத்துக்கு ஏற்றது. அனுப்புவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பையைச் சற்று உயர்த்தி நகர்த்தி, அடித்துளை வழியே தரைக்குள் இறங்கிய வேர்களை அறுத்துவிட வேண்டும். கன்று அவ்வதிர்ச்சியிலிருந்து நாற்றங்காலிலேயே, நீர் கிடைக்கும் இடத்திலேயே, தேறிக்கொள்ளும். இதைச் செய்யாமல் ஏற்றும் நாளில் வேரைப் பிய்த்து எடுத்தால், தேற வேண்டிய சுமை வெயில் காயும் நிலத்தில் அதன் தலையில் விழும்.

முதல் நாள் நன்கு நீரூற்றி, லாரியில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் நிற்க வைத்துக் கொண்டு செல்ல வேண்டும். மழைக் காலத் தொடக்கத்தில் நடுவது சிறந்தது; வெள்ளம் தேங்கும் நாட்களில் நடலாகாது. பையைவிடச் சற்று அகலமான குழியில் பாறைப் பாஸ்பேட் இட்டு, பையின் மண்மட்டமும் நிலமட்டமும் சமமாக இருக்குமாறு நட வேண்டும். ஆழமாக நட்டால் குருத்து அழுகும். மேலாக நட்டால் மரம் சாயும்.

பையை முழுதும் நீக்கிய பின்னரே குழியை மூட வேண்டும். அவசரத்தில் பையோடு புதைக்கப்பட்ட கன்றின் வேர் பைக்குள்ளேயே சுற்றிக் கன்று குன்றும். காரணமும் எவருக்கும் தெரியாது. இதைத் தடுக்கத் தோட்டங்களில் ஓர் எளிய முறை உண்டு. கிழித்த பையை அக்கன்றின் அடையாளக் குச்சியில் மாட்டி வைப்பார்கள். மேற்பார்வையாளர் வரிசையில் நடந்து வரும்போது, குச்சியில் பை இல்லாத இடத்தில் நின்று கேட்பார். பிறகு எல்லாப் பைகளும் சேகரிக்கப்படும்.

கணக்கு சொல்லும் உண்மை

9.2 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நட்டால் ஒரு ஹெக்டருக்கு 136 மரங்கள். 4 ஹெக்டர், அதாவது ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்கு 544 மரங்கள். அவற்றுள் நூற்றுக்குப் பத்து மலடாக அமைந்துவிட்டால் 54 மரங்கள் வீண். அவற்றுக்கும் உரம் இட வேண்டும். வட்டம் வெட்ட வேண்டும். மட்டை கழிக்க வேண்டும். 25 ஆண்டுகள் செலவு வாங்கிக்கொண்டு, குலை ஒன்றும் தராமல் அவை நிற்கும். மலடு என்று தெரியவே நட்டு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதன்பின் இடையில் மறுகன்று நட்டாலும், சுற்றியுள்ள மரங்களின் நிழலில் அது தலையெடுப்பது அரிது.

ஆகவே ஒரு ஹெக்டருக்கு 136 மரம் என்பதற்காக 136 விதை மட்டும் வாங்குதல் கூடாது. நட்டபின் பட்டுப்போகும் கன்றுகளுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 143. நாற்றங்காலில் நூற்றுக்கு முப்பது கழியும் என்று கொண்டால் ஹெக்டருக்கு ஏறத்தாழ 200 விதை வேண்டும். முதலிலேயே போதிய விதை வாங்கியவருக்குக் கழிக்கத் துணிவு இருக்கும். அளவாக வாங்கியவர் குறையுள்ள கன்றையும் நட்டே ஆக வேண்டிய நிலைக்கு ஆளாவார்.

சொந்தமாக நாற்றங்கால் வைக்க இயலாத சிறுதோட்டக்காரர்கள் வளர்ந்த கன்றாக வாங்கலாம். கன்று விற்கும் நாற்றங்காலுக்கு மலேசியச் செம்பனை வாரியத்தின் உரிமம் வேண்டும். உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். விதை எங்கிருந்து வந்தது, எந்நாளில் நடப்பட்டது, எத்தனை கழிக்கப்பட்டன என்று கேளுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சாலையோரத்தில் மலிவாகக் கிடைக்கும் கன்று, உண்மையில் மற்றவர் கழித்த கன்றாகவும் இருக்கலாம்.

நாற்றங்காலில் பணிபுரியும் சகோதர சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. குலை வெட்டுபவரின் உழைப்பு அன்றே தராசில் நிறுக்கப்படுகிறது. உங்கள் உழைப்பு அவ்வாறு எடை காணப்படுவதில்லை. விதையைச் சரியாகத் திருப்பி வைத்த விரலையும், நிமிர்ந்த கன்றைக் கண்டு ஏமாறாத கண்ணையும் எவரும் பார்ப்பதில்லை. ஆனால் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கன்றும் ஒரு குடும்பத்தின் 25 ஆண்டு வருமானத்தில் ஒரு பங்கு. கன்றை நிலத்துக்கு அனுப்புமுன் மறுமுறையும் ஒரு சுற்றுப் பாருங்கள். ஐயமுள்ள கன்றை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.